யாருடைய மானம்?

சிங்கப்பூர் ஆற்றுக்கு அருகிலுள்ள சூலியா வீதியை அறியாத வணிகர் நம்மில் இல்லை. அவ்வீதி ஒரு காலத்தில் ‘கிளிங் வீதி’ என வழங்கிற்று. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் அச்சொல்லில் முதலில் இழுக்கு ஒன்றுமில்லை. நாளடைவில் அது நம்மவரை ஏளனம் செய்யும் வசையாயிற்று. இந்தியர் ஆட்சேபித்தனர். 1920-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நகராட்சி பெயரை மாற்றிற்று. சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகரைக் குறிக்கும் ‘சூலியா’ என்ற பெயர் வீதிக்கு வாய்த்தது.

நமக்குப் பெருமைதான். ஆனால், கடைக்குள் இருந்த முதலாளியையும் வெளியே மூட்டை சுமந்தவரையும் அந்த ஒரே சொல்லால்தானே ஏசினார்கள்? நாம் காக்க விரும்புவது யாருடைய மானத்தை?

இக்கேள்வி தென்னாப்பிரிக்கா சென்ற இந்தியருக்கும் வந்தது. அங்கே வெள்ளையர் நம்மவர் யாவரையும் ‘கூலி’ என்றனர். முஸ்லிம் வணிகர் பலர், ஒப்பந்தத் தொழிலாளரோடு தம்மைச் சேர்க்கலாகாது என எண்ணித் தம்மை ‘அரபிகள்’ எனச் சொல்லிக்கொண்டனர். பயன் என்ன? 1913-இல், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்ற பொருள்பட ஒரு தீர்ப்பு வந்தது. வணிகர் வீட்டு நிக்காஹும் அதற்குத் தப்பவில்லை. அதே ஆண்டில் நேட்டால் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும், தமிழரும் அடங்கிய ஆயிரக்கணக்கான தொழிலாளர் 3 பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்தினர். அடியும் சிறையும் அவர்கள் பட்டது. 1914-இல் வரி ஒழிந்தது. நம்மவரின் ஒருதார மணங்களும் ஏற்கப்பட்டன. ‘அரபி’ என்ற பெயர் காத்துத் தராத மானத்தைக் ‘கூலி’ என்று ஏசப்பட்டவர்களின் தியாகம் மீட்டுத் தந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஞாயிறு தோறும் சிராங்கூன் சாலையில் தமிழகத்துத் தொழிலாளரும் வங்காளதேசத்துத் தொழிலாளரும் கூடுகிறார்கள். 2008-இல் சிராங்கூன் கார்டன்ஸ் வாசிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், தங்கள் பக்கம் தொழிலாளர் விடுதி வரலாகாதென மனுக் கொடுத்தனர். அதில் நம்மவர் கையெழுத்து உண்டா என ஆராய வேண்டியதில்லை. நம் கடைகளை ஆராய்ந்தால் போதும். அவருடைய பணம் நம் கல்லாவுக்கு வேண்டும். அவர் நம் அஞ்சடியில் நிற்பது மட்டும் வேண்டாமா?

‘நாம் குடிமக்கள், அவர் ஈராண்டு இருந்து போகிறவர்’ என்பர் சிலர். கடையநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் சபர் வந்த நம் முன்னோரில் பலரும் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்தவர்கள்தாம். தங்கும் காலத்தை அளந்து ஒரு மனிதனுக்கு மரியாதை அளப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே, கடைக்கு வரும் தொழிலாளியைப் பெயர் கேட்டு அழைப்போம். அவருக்கும் மற்ற வாடிக்கையாளருக்கும் ஒரே விலை, ஒரே மரியாதை எனக் கொள்வோம். வீதியின் பெயரை நகராட்சி மாற்றித் தந்தது. நம் நாவில் தங்கிவிட்ட ஏளனத்தை நாமே மாற்ற வேண்டும்.