யார் கொடுத்த விலை?

கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985) இரண்டு பெண்களின் பெயரைத் தாங்கிய படம். கதையோ பாடகர் ஜே.கே.பி.யுடையது. மனைவி பைரவிக்குச் சங்கீதம் தெரியவில்லை என்று அவருக்குக் குறை; சங்கீதம் அறிந்த சிந்துவிடம் காதல். அவள் பிரிந்ததும் குடியில் விழுகிறார். திரும்பி வந்து அவரை மீட்கும் சிந்து, தன் குழந்தையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டு விலகிப்போகிறாள்.

குறையுள்ள மனிதனை மன்னிப்பது தவறில்லை. சிவகுமாரின் தள்ளாட்டத்தைப் பார்த்து நானும் கலங்கியவள்தான். ஆனால் அந்த மன்னிப்புக்கு ஒருத்தி பிள்ளையைக் கொடுத்தாள். இன்னொருத்தி அந்தப் பிள்ளையை வளர்க்க மடியைக் கொடுத்தாள். இருவரும் மனமுவந்தே கொடுத்தார்கள் என்கிறது படம். மனமுவந்து கொடுத்தாலும் விலை விலைதானே? கலைஞன் மீண்டுவிட்டான் என்று கைதட்டும் முன் கேட்போம்: அவன் தன் கையிலிருந்து கொடுத்தது என்ன?