குற்றவாளி இல்லாத குறை

ஒரு குறை என்று இருந்தால் அதற்குக் குற்றவாளி ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்று நம் மனம் எப்படியோ முடிவு கட்டி வைத்திருக்கிறது. காபி ஆறியிருந்தால் கொண்டு வந்தவர்மீது கோபம். பஸ் தாமதமானால் கண்டக்டர்மீது கோபம். காபியை மேஜையில் வைத்துவிட்டு நாம்தான் பத்திரிகையில் மூழ்கியிருந்தோம் என்பதோ, வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது என்பதோ அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. எதிரே நிற்பவர் அந்த ஆள் ஆகிவிடுகிறார்.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வோம். அப்படியானால் நியாயமான வழி எது? பெரிய தத்துவ நூல்களை எல்லாம் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, இன்று நடுத்தரக் குடும்பங்களில் அன்றாடம் சச்சரவு மூட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னஞ்சிறு பெட்டியை வைத்து இதை ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வைஃபை ரூட்டரைத்தான் சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவிய காலந்தொட்டு அந்த ஊருக்கும் நூலுக்கும் உள்ள உறவு வாசகர்கள் அறிந்ததே. நண்பரும் நூற்பாலை ஒன்றில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பிறந்த வீட்டின் பின்கட்டு அறையில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு 100 மெகாபிட் வேக இணைப்பு. மாதம் தவறாமல் பணம் கட்டுகிறார்கள். ஆனால் அலுவலகக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவள் முகம் திரையில் உறைந்துபோகும். பேச்சு துண்டு துண்டாக விழும். மேலதிகாரி ஒருநாள், "உங்களுக்கு இந்த வேலை சரிப்படுமா?" என்றே கேட்டுவிட்டாராம்.

நண்பர் கொதித்துப் போனார். இணைப்புக் கொடுத்த கம்பெனிக்கு மூன்று முறை புகார் செய்தார். மூன்றாவது புகாரில், பழுது பார்க்க வந்துபோன பையனையும் விடவில்லை. "வேலை தெரியாதவன்" என்று பதிவு செய்துவிட்டார். மறுநாள் அதே பையன் வந்து நின்றான்.

"சார், அக்காவோட லேப்டாப்பைக் கொஞ்சம் முன் கூடத்துக்குக் கொண்டு வாங்க. ஒயர் போட்டுப் பார்த்திடுவோம்" என்றான்.

ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கம்பியைச் செருகி வேகத்தை அளந்தான். 94 காட்டியது. கம்பியை உருவிவிட்டு, அதே இடத்தில் வைஃபையில் அளந்தான். 70. லேப்டாப்பைப் பின்கட்டு அறைக்கு எடுத்துச் சென்று அளந்தான். 9.

"பாருங்க சார், வாசல்வரைக்கும் சரியாத்தான் வருது. வீட்டுக்குள்ளேதான் காணாமப் போகுது" என்றான் பையன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை என்பதை நண்பரே என்னிடம் சொன்னார்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றும் அல்ல. தெருவிலிருந்து கேபிள் எந்த மூலையில் நுழைந்ததோ அந்த மூலையிலேயே, டெலிவிஷனுக்குப் பின்னால், ரூட்டர் ஒளிந்துகொண்டிருந்தது. அதற்கும் மகளின் அறைக்கும் நடுவே தகப்பனார் காலத்துக் கனத்த சுவர்கள் இரண்டு. போதாக்குறைக்கு ஓர் இரும்பு பீரோ. வானொலி அலையைச் சுவர் உறிஞ்சும். இரும்பு திருப்பி அடிக்கும். அலை மெலிய மெலிய, பிழையின்றிப் போய்ச் சேருவதற்காகக் கருவிகள் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். மங்கலான வெளிச்சத்தில் நாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லையா, அதைப் போல. அன்று மாலையே நீளமான கேபிள் ஒன்றை வாங்கிப் பின்கட்டுவரை இழுத்தார்கள். மகளின் உத்தியோகம் தப்பித்தது.

எனக்கு ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. இந்த நண்பர் ஆலையில் இருந்தபோது, கதிரில் நூல் அறுந்தால் எதிரில் நிற்கும் தொழிலாளியைச் சட்டென்று வைதவர் அல்ல. பஞ்சு எப்படி என்று பார்ப்பார். கதிரைப் பார்ப்பார். கூடத்தின் காற்றில் ஈரம் போதுமா என்று பார்ப்பார். காற்று வறண்டால் நூல் அடிக்கடி அறும் என்பது ஆலையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவார்; ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். அந்தப் பையன் செய்ததும் அச்சாக இதுவே. ஆலைக்குள் முப்பது வருஷம் இருந்த நீதி, நண்பரின் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமற்போனது ஏன்?

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது. ஆலையில் அவர் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பில் இருந்தார். தீர்ப்புத் தவறினால் பதில் சொல்லவும் வேண்டியிருந்தது. வீட்டில் அவர் பணம் கட்டியவர். பணம் கட்டிவிட்டால் விசாரிக்கும் கடமை நம்மைவிட்டு நீங்கிவிடுவதாக நாம் எல்லோருமே எண்ணிக்கொள்கிறோம். இந்தக் காலம் அந்த எண்ணத்துக்கு வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. நண்பர் தம் புகாரைத் திரும்பப் பெற விரும்பிக் கம்பெனிக்குப் போன் செய்தார். புகார் சொல்ல ஓர் எண்ணை அழுத்தச் சொன்னது குரல். பணம் கட்ட வேறோர் எண்ணை அழுத்தச் சொன்னது. சொன்ன புகார் தவறு என்று சொல்வதற்கு எந்த எண்ணும் இல்லை. பையனின் பெயருக்கு எதிரே அந்தக் கறுப்புப் புள்ளி இன்னும் இருக்கிறதோ என்னவோ! பழி சொல்வது இவ்வளவு சுலபமாகிவிட்ட காலத்தில், பழி சொல்லுமுன் கால்மணி நேரம் சோதித்துப் பார்ப்பது சாதாரணக் கடமை அல்ல.

இதைக் கேட்டுவிட்டு, 'எல்லாம் நம் வீட்டுச் சுவரின் பிழைதான்' என்று அடங்கிப் போய்விடவும் வேண்டாம். கம்பியில் அளந்தும் 20தான் வருகிறது, மறுநாள் அளந்தும் 20தான் வருகிறது என்றால், அப்போது குறை வெளியே இருக்கிறது. விளம்பரத்தில் '100 மெகாபிட் வரை' என்று போட்டு, அந்த 'வரை'யின் நிழலில் பதுங்கிக்கொள்ளும் கம்பெனியை விடாப்பிடியாகக் கேட்பதுதான் நியாயம். கம்பிச் சோதனையின் சிறப்பே அதுதான். அது கம்பெனிக்கும் வேண்டியதன்று, நமக்கும் வேண்டியதன்று.

இதுவரை பார்த்தது எளிய வழக்கு. குற்றம் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. இனி வருவதுதான் சிக்கலானது.

நண்பரின் தம்பி பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், பதினொரு நிலைக் கோபுரம் தெரியும் ஒரு தெருவில் குடியிருக்கிறார். ஒட்டி ஒட்டி வீடுகள். அண்ணன் சொன்னபடி அவரும் சோதித்தார். கம்பியில் எந்நேரமும் முழு வேகம். ரூட்டர் இருந்ததோ கூடத்தின் நட்டநடுவே. சுவரும் இல்லை, பீரோவும் இல்லை. வைஃபையிலும் காலையில் நல்ல வேகம்தான். இரவு ஏழு மணி ஆனால் படுத்துவிடும். பத்து மணிக்குமேல் தானே எழுந்து நிற்கும். கம்பெனி குற்றமற்றது, வீடும் குற்றமற்றது. பின்னே யார் குற்றவாளி?

போனில் பார்த்தபோது அக்கம்பக்கத்து ரூட்டர்களின் பெயர்கள் இருபதுக்குமேல் வரிசையாக வந்தன. எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறவை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஒரு பாதையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர் காதுகொடுத்துக் கேட்டு, அமைதியானதும் சிறிது பொறுத்துத் தம் பேச்சைத் தொடங்கவேண்டும்.

இந்த மரியாதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1971-ல் ஹவாய்த் தீவுகளில், நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழுவினர் கம்ப்யூட்டர்களை வானொலி அலையால் இணைத்தார்கள். அதில் அவரவரும் நினைத்தபோது பேசலாம். பேச்சு மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி பேசவேண்டும். கேட்காமலே எல்லோரும் பேசும் அந்த முறையில், எவ்வளவு முயன்றாலும் பாதையின் கொள்ளளவில் 18 விழுக்காட்டுக்குமேல் பயன் காண முடியாது என்று கணக்குச் சொல்கிறது. அதைப் படித்த ராபர்ட் மெட்காஃப், 1973-ல் அதே யோசனையைக் கம்பிக்குக் கொண்டுவந்தார். கேட்டுவிட்டுப் பேசும் பழக்கத்தையும் அதில் சேர்த்தார். வெளி எங்கும் நிறைந்திருப்பதாக ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நம்பிய ஈதரின் பெயரால் அதற்கு ஈதர்நெட் என்று பெயரிட்டார். அன்று அந்தக் கம்பியும் பலருக்குப் பொதுவாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி, போகவும் வரவும் தனித்தனிப் பாதை என்று வந்தது, சண்டை தீர்ந்தது. வெளிக்கு அந்த வழி இல்லை. அதை வீட்டுக்கு வீடு வேலி போட்டுப் பிரிக்க முடியாது.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2005-ல் மத்திய அரசு இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள், யாரும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நிபந்தனைகள் மூன்று: பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் வரும் இடையூற்றிலிருந்து பாதுகாப்புக் கோரக் கூடாது, எனக்கே உரியது என்று சொல்லக் கூடாது. இவற்றை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஓர் அரசாங்க அறிவிக்கையில் இவ்வளவு நல்ல ஒழுக்கப் பாடம் அகப்படும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? இருபது வீட்டாரும் சட்டப்படி நடக்கிறார்கள். எவரும் குற்றவாளி இல்லை. குறையோ இருக்கத்தான் செய்கிறது.

இந்த இடத்தில்தான் நம் அறம் தடுமாறுகிறது. குற்றம் என்னுடையது அல்ல என்று தெரிந்ததும், கடமையும் என்னுடையது அல்ல என்று முடிவு செய்துவிடுகிறோம். அது சரியா? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் வீதியில் நின்றுவிட்டால், வடம் பிடித்த ஆயிரக்கணக்கானவர்களில் எந்தக் கையின் குற்றம் என்று யாரும் விசாரிப்பதில்லை. அவரவரும் தம் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறார்கள். என் குற்றம் இல்லை என்று ஒவ்வொருவரும் கையை எடுத்துவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேருமா?

தம்பி முதலில் செய்ய நினைத்தது, இன்னும் சக்தி வாய்ந்த ரூட்டர் வாங்கி, பாதையை இரண்டு பங்கு அகலமாக வைத்துக்கொள்வது. பந்தியில் இலையை அகலமாக விரித்துப் பக்கத்து இலையை மூடுவது போன்ற காரியம் அது. எதிர்வீட்டாரும் அதையே செய்வார்; பிறகு இரண்டு பேருக்கும் பழையபடி கிடைத்ததும் கிடைக்காது. கடைசியில் அவர் வேறு வழியில் போனார். இருந்த இடத்தை விட்டு நகராத டெலிவிஷனுக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் கம்பி போட்டார். கையோடு அலையும் போன்களுக்கு மட்டும் வெளியை விட்டுவைத்தார். அவற்றையும் முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினார். அந்த அலை சுவர் தாண்டுவதில் சற்று நோஞ்சான். அதனாலேயே அடுத்த வீட்டாருக்குத் தொந்தரவும் குறைவு. ராஜபாளையத்தில் வில்லனாக இருந்த சுவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல அண்டைவீட்டுக்காரனாகிவிட்டது!

இதனால் தெருவே உருப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இருபது பேரில் ஒருவர் விலகி நடந்தால் கிடைப்பது மற்றப் பத்தொன்பது பேருக்கும் சிறிதளவு இடம். அதை அவர்கள் உணரக்கூடப் போவதில்லை; நன்றி சொல்லப் போவதும் இல்லை. எனினும், அந்தத் தெருவில் யாரோ ஒரு பெண் பின்கட்டில் உட்கார்ந்து, தன் முகம் உறைந்துபோகாமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்கக்கூடும். அவளுக்கு நாம் யார் என்று தெரியவேண்டும் என்பது என்ன அவசியம்?