உறவே அடுத்த லெவல்

டொரான்டோவில் உருவாகி 2023-இல் வெளியான ‘வெண்பா’ வீடியோ கேமில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கனடாவில் குடியேறிய வெண்பா, தன் அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி, புட்டு, பிரியாணி செய்கிறார். மகன் கவின், வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். பெரியவனாகி, அம்மாவின் குறிப்பைப் பார்த்துத் தானே சமைக்கும்போதுதான் அவரைப் புரிந்துகொள்கிறான். 2024-இல் இந்த கேமுக்கு பாஃப்டா விருதும் கிடைத்தது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை நம்பி ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கும் தம்பி, தங்கைகளே! ஷிஃப்ட் முடிந்து எடுக்கும் போனில் கேமும் இருக்கிறது, அம்மாவின் எண்ணும் இருக்கிறது. ஆலை கைத்திறனை வளர்க்கும். மனம் முதிர மனிதர்கள் வேண்டும். கவினைப் போலக் காலம் கடத்தாமல், இன்று அந்த எண்ணை முதலில் அழுத்துங்கள்.