முகத்தை விட்டுவிட்ட ஓவியம்

மதுரைக்காஞ்சியைப் படித்தவர்கள் அதன் அங்காடிகளை எளிதில் மறப்பதில்லை. பத்துப்பாட்டுள் மிக நீண்டதான அப்பாட்டின் 782 அடிகளில், மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனின் தலைநகரைப் பகலிலும் இரவிலும் நமக்குச் சுற்றிக் காட்டுகிறார். முதல் யாமம் கழிந்து கடைகள் அடங்கும் வேளையில் இனிப்பு விற்போரிடம் வந்து நிற்கிறார். தேன்கூடு போன்ற மெல்லிய அடை, உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் என்று நாவூறச் சொல்லிவிட்டு, அவற்றைச் செய்தவர்கள் உறங்கிவிட்டார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

இப்பகுதியை ஓவிய ஆர்வமுள்ள இளைஞர் சிலரோடு ஒரு மாலையில் படித்தோம். 2007-இல் சியாட்டில் நகரில் காப்ரியேல் கம்பனாரியோ என்னும் பத்திரிகை ஓவியர் தொடங்கிய நகர்வரைவு இயக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நிழற்படத்தைப் பார்த்து வரையாமல், இடத்திலேயே அமர்ந்து, கண்டதற்கு உண்மையாக வரைய வேண்டும். கூடி வரைந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் நெறி. பாட்டில் படித்த அல்லங்காடிக்கு ஈடாக இன்றைய மாசி வீதிகளுள் ஒன்றன் இரவுக் கடைகளைத் தேர்ந்தோம். புறப்படுமுன் நாம் ஒரு கட்டளையும் இட்டோம்: "உணவை வரையுங்கள், கடையை வரையுங்கள், மனிதர் முகங்களை வேண்டா." பிழைப்புக்காக வெயர்வையில் நிற்பவரை வேடிக்கைப் பொருளாக்கலாகாது என்பது நம் எண்ணம். சரியான கட்டளை என்றே அப்போது நம்பினோம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, மூடிய கடையொன்றின் படியில் ஏடுகளைப் பரப்பினோம். ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரை, சட்னி வாளிகள், தொலைவில் கோபுரம். எல்லாம் அழகாகவே இருந்தன. இட்லிக் கடை அம்மாள் கையைத் துடைத்தவாறு வந்து குனிந்து பார்த்தார். "என்னா பாப்பா, அடுப்பைப் போட்ருக்க, வாளியைப் போட்ருக்க, என்னையக் காணாமே?" என்றார். வரைந்த பெண் நம்மைப் பார்த்தாள். நம்மிடம் விடை இல்லை.

வரையாமல் விடுவது மரியாதையா, அல்லது மரியாதை என்னும் பெயரால் ஒருவரை இல்லாதவராக்குவதா? முகம் என்பது நாம் நோக்கும் பொருளன்று, நம்மிடம் பொறுப்பைக் கேட்டு நிற்பது என்று 1961-இல் வெளிவந்த தம் நூலில் லெவினாஸ் வாதிட்டார். குருமடத்து வகுப்பறையில் அதைத் தலையசைத்துக் கற்றவர்கள்தாம் நாம். ஆயினும் அன்றிரவு நாம் செய்தது அந்தக் கேள்வி நம்மை எட்டாதபடி முன்கூட்டியே கதவைச் சாத்தியதுதான். உணவு கேள்வி கேட்பதில்லை. அதனால் அது வரைவதற்கு எளிது.

மருதனார் மட்டும் அனுமதி கேட்டாரா என்று வாசகர் வினவலாம். நியாயமான வினா. உறங்குவோரிடம் எப்படிக் கேட்பது? அவர் செயலை முழுவதும் நியாயப்படுத்த நாம் முயலவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அப்பாட்டு நிலையாமையை அறிவுறுத்த ஓர் அரசனை நோக்கிப் பாடப்பட்டது. பகைவரை வென்ற வேந்தன், களைத்துறங்கும் பண்ணியக்காரரையும் கடந்துதான் அப்பாட்டில் செல்லவேண்டியிருக்கிறது. மோதகத்தை மட்டும் சொல்லியிருந்தால் அவனுக்கு நா ஊறியிருக்கும், அவ்வளவே.

இதனால் நம் பழைய அச்சம் பொய்யாகிவிடவில்லை. அதே இரவில், எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், நம் இளைஞன் ஒருவன் தம் பக்கம் திரும்பியதுமே துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். இரவில் தாம் செய்யும் வேலை வீட்டாருக்குத் தெரியாது என்று பின்னர்ச் சொன்னார். அவரையும் அந்த அம்மாளையும் ஒரே கட்டளைக்குள் அடைக்க இயலாது. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் நேரம் போகும், சிலர் மறுப்பர், சிலர் தம் கதையைத் தொடங்கிவிடுவர், படம் முடியாது. கட்டளையிடுவது நமக்கு ஏன் எளிதாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மறுவாரம் அப்பெண்ணும் நாமும் மீண்டும் சென்றோம். கேட்டதும் அம்மாள் முகத்தைக் கழுவி, பூவைச் சரிசெய்து, நேராக நின்றார். இரண்டு நிமிடத்தில் ஆட்கள் வந்துவிடவே நம்மை மறந்துபோனார். கை ஓயாமல் அசைந்ததால் படத்தில் அது சரியாக அமையவில்லை, முகம் அமைந்தது. காட்டியபோது ஏட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி சரியாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இம்புட்டுச் சின்னதாவா நான் இட்லி ஊத்துறேன்?"