மழை இருளில் மூமினின் கடமை

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் போற்றி, நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் துவங்குகிறோம்.



காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை புதிதன்று. ஆனால் 2022 நவம்பர் 11, வெள்ளிக்கிழமையும் அதையொட்டிய இரவுமாகச் சீர்காழியில் கொட்டிய மழை எந்தக் கணக்கிலும் அடங்காதது. ஒரே நாள் கணக்கில் 44 செ.மீ.! 122 ஆண்டுகளில் காணாத மழை என்றார்கள். சம்பா வயல்கள் கடலாயின, தெருக்கள் வாய்க்கால்களாயின. மின்சாரம் நின்றது. சீர்காழியைச் சுற்றிய எத்தனையோ கிராமங்கள் இருளில் மூழ்கின. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலிலும் இதையே கண்டோம். அன்று சாய்ந்த மின்கம்பங்கள் இலட்சத்தையும் தாண்டின. சில ஊர்களுக்கு வெளிச்சம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

இத்தகைய நாட்களில் மூமின்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. இது அல்லாஹ்வின் தண்டனையா? தொழுகையை எப்படி நிறைவேற்றுவது? பிறருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? மழைக்காலம் வருமுன் இவற்றுக்கு விடை தெரிந்து கொள்வது நலம்.

தண்டனையா, சோதனையா?

வெள்ளம் வடியுமுன்பே, "அந்த ஊரார் செய்த பாவம்" என்று தீர்ப்பு வழங்கிவிடும் நாவுகள் உண்டு. அருமை நபி (ஸல்) அவர்களின் நடைமுறை இதுவன்று. வானில் கருமேகம் திரண்டால் பெருமானாரின் திருமுகம் மாறிவிடும். உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள். மழை பொழிந்த பிறகே அந்தக் கவலை நீங்கும். ஆது கூட்டத்தாரும் மேகத்தைக் கண்டு மழை என்றுதானே மகிழ்ந்தார்கள் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். இதை அன்னை ஆயிஷா (ரலியல்லாஹு அன்ஹா) அவர்கள் அறிவிக்கிறார்கள். பாவமே அறியாத நபி, தமக்காகவும் தம் மக்களுக்காகவும் அஞ்சினார்கள். நாமோ நம்மை விட்டுவிட்டு அடுத்தவர் பாவத்தை எண்ணுகிறோம்! அச்சம் நம் உள்ளத்தில் இருக்க வேண்டியது. அடுத்தவர் மீது வீசுவதற்கன்று.

மேலும், நீரில் மூழ்கி இறந்த மூமினும், இடிந்து விழுந்த கட்டடத்தில் சிக்கி இறந்த மூமினும் ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்வார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். ஷஹீதுடைய பதவி பெற்றவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று சொல்ல நாம் யார்? அச்சத்தாலும் பசியாலும், பொருள், உயிர், விளைச்சல் ஆகியவற்றின் இழப்பாலும் சோதிப்பதாக ஸூரத்துல் பகராவின் 155ஆம் வசனத்தில் அல்லாஹ் அறிவித்துவிட்டு, பொறுமையாளருக்கு நன்மாராயமும் கூறுகிறான். விளைச்சலின் இழப்பு என்றால் என்னவென்று தண்ணீருக்கடியில் கிடக்கும் சம்பாவைப் பார்த்து நிற்கும் விவசாயிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவருக்குத் தேவை தீர்ப்பன்று, ஆறுதல்.

மழையில் வணக்கம்

ஒரு ஜும்ஆவில் நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கையில் ஒருவர் வந்து, வறட்சியால் கால்நடைகள் அழிகின்றன, மழை கேளுங்கள் என்றார். கையேந்தினார்கள், ஒரு வாரம் மழை ஓயவில்லை. மறு ஜும்ஆவில், வீடுகள் இடிகின்றன, நிறுத்தக் கேளுங்கள் என்ற முறையீடு வந்தது. மழையே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் மீதன்றி எங்களைச் சுற்றிலும், மேடுகளிலும் ஓடைகளிலும் மரம் செடி முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்ற கருத்திலேயே துஆச் செய்தார்கள். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மழையைச் சபிக்காமல் துஆக் கேட்கும் ஒழுங்கை இதிலிருந்து நாம் கற்கிறோம்.

சேறும் சகதியுமான ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்னும் இடத்தில் வீடுகளிலேயே தொழுது கொள்ளுமாறு அறிவிக்கும்படி முஅத்தினுக்கு உத்தரவிட்டார்கள். மக்கள் வியந்தபோது, தம்மைவிடச் சிறந்தவரான நபி (ஸல்) அவர்களே இதைச் செய்ததாக விளக்கினார்கள். எனவே வெள்ளத்தில் இடுப்பளவு நீரைக் கடந்து, எங்கே மின்கம்பி அறுந்து கிடக்கிறதோ என்று தெரியாத இருளில் பள்ளிக்குப் போவது வீரமன்று. கடும் மழை ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் மார்க்கம் ஏற்ற காரணம். ஜும்ஆவுக்குச் செல்ல இயலாதவர் வீட்டில் ளுஹர் நான்கு ரக்அத் தொழ வேண்டும். பள்ளிக்கு வந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறைந்தால் ஷாபிஈ மத்ஹபின்படி அவர்களும் ளுஹரே தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் இமாமோடு மூவர் இருந்தால் ஜும்ஆ நிறைவேறும்.

மழைக்காக மஃரிபுடன் இஷாவை முற்படுத்திச் சேர்த்துத் தொழ ஷாபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. அது தூரத்திலிருந்து பள்ளிக்கு வந்து ஜமாஅத்தில் தொழுபவருக்கே. வீட்டில் தொழுபவருக்கு இல்லை. ஹனபிகள் அந்தந்த வேளையிலேயே தொழ வேண்டும்.

சுற்றிலும் தண்ணீர், ஒளுச் செய்யத் தண்ணீர் இல்லை! மோட்டார் ஓடாததால் தொட்டி காய்ந்துவிடும். அப்போது வெள்ள நீரில் ஒளுச் செய்யலாமா? மண் கலந்து கலங்கியிருப்பதால் மட்டும் நீர் அசுத்தமாகாது. இரு குல்லத்து, அதாவது சுமார் 200 லிட்டர் அளவும் அதற்கு மேலும் உள்ள நீர், அசுத்தத்தால் நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை சுத்தமானதே என்பது ஷாபிஈ மத்ஹபு. சாக்கடை கலந்து நாற்றமெடுத்த நீரோ கூடாது. குடத்திலுள்ள சிறிதளவு நீர் குடிப்பதற்கே தேவையென்றால் அதைக் குடிக்க வைத்துக்கொண்டு தயம்மும் செய்ய வேண்டும். ஈரச் சேறு ஷாபிஈகளுக்குப் போதாது, புழுதியுள்ள மண் வேண்டும். ஹனபிகளுக்குக் காய்ந்த கல்லும் மண்சுவரும் போதும். தெருச் சேறு ஆடையில் பட்டால், தவிர்க்க இயலாத அளவு மன்னிக்கப்பட்டதே.

ஒலிபெருக்கி இயங்காதபோது மோதினாரின் வெறும் குரலும், சில ஊர்களில் பழைய நகராவும் மக்களை எழுப்பட்டும். பாங்கு காதில் விழவில்லை என்பது தொழுகையை விடக் காரணமாகாது.

பிறர் உரிமை

இரவில் தூங்குமுன் நெருப்பையும் விளக்கையும் அணைத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அரிக்கேன் விளக்கும் மெழுகுவர்த்தியும் எரியும் நம் வீடுகளுக்கு இது எவ்வளவு பொருத்தம்! 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கி இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றபோது, குளிர் தாங்காமல் மூடிய வீட்டுக்குள் கரியையும் ஜெனரேட்டரையும் எரித்து, அந்தப் புகையின் நச்சுக் காற்றால் மாண்டவர்கள் உண்டு. ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதனை வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். உயிரைக் காப்பது பர்ளு.

வியாபாரச் சகோதரர்களே! மழை நாளில் மெழுகுவர்த்தி, பால், அரிசி ஆகியவற்றைப் பதுக்கி விலையேற்றுவது நாயகம் (ஸல்) அவர்கள் பாவமென்று கண்டித்த செயல். அந்தக் காசில் பரக்கத் எங்கிருந்து வரும்?

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள், மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யைத் தொடவில்லை. எண்ணெயை உண்டே நாட்களைக் கழித்தார்கள். நம் வீட்டில் இன்வெர்ட்டர் எரிகிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருளில் அழுகிறது. அவர் எந்தச் சமயத்தவராயினும் அண்டை வீட்டார் அல்லவா? ஒரு செல்போனுக்குச் சார்ஜ், ஒரு குடம் நீர், ஒரு பாத்திரம் கஞ்சி, இவையும் ஸதகாதான். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் சாதி சமயம் பாராமல் திறந்து விடப்பட்டதைத் தமிழகம் அறியும்.

வெள்ளத்திற்குப் பின் சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் அரசு வழங்கியது. அதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. நிஸாபு உள்ளவர், ஆண்டு நிறைவுக்குக் காத்திராமல் ஜகாத்தை முன்கூட்டியே கொடுக்க மார்க்கம் அனுமதிக்கிறது. அறுவடைக்கு முன் வெள்ளத்தில் அழிந்த நெல்லுக்கு ஜகாத் இல்லை. அந்த விவசாயி இன்று வாங்கத் தகுதியுள்ளவராகவும் இருக்கக்கூடும். கேட்க வெட்கப்படுபவரைத் தேடிச் சென்று கொடுங்கள்.

மழையில் நனைந்து கம்பத்தில் ஏறும் மின்வாரிய ஊழியர், தம் வீடும் இருண்டிருக்க நம் வீட்டுக்கு வெளிச்சம் தருபவர். வாரியத்தை ஏசும் வாயால் அவருக்கு ஒரு டீ வாங்கித் தந்து நன்றி சொல்வோம். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிமொழியின் கருத்து.

ஒரே இரவில் மின்விளக்கு, மின்விசிறி, தொலைபேசி எல்லாம் நம்மை விட்டுப் போய்விடும். கப்றிலும் அவை வரப்போவதில்லை. அங்கே நமக்கு ஒளியாக வருவது நாம் இங்கே செய்த அமல்தான். அந்த விளக்குக்கான எண்ணெயை இன்றே சேர்த்து வைப்போமாக!

வல்ல நாயன் நம் ஊர்களுக்கு மழையை ரஹ்மத்தாகப் பொழியச் செய்து, அழிந்த வயல்களை மீண்டும் விளையச் செய்து, நம் உள்ளங்களில் ஸபூரையும் இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.