இலாசரின் கட்டு

ஆரல்வாய்மொழியின் ஆடிக் காற்று மனிதனை நிற்கவிடாது. வேட்டியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் காற்றாடிமலையில் ஏறினேன். கீழே முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. 1752 சனவரி 14 இரவில் தேவசகாயம் பிள்ளையைத் திருவிதாங்கூர் வீரர்கள் சுட்டுக்கொன்ற மலை இது. அங்கே மணியடிச்சான் பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அவர் உயிர் பிரிந்த நேரத்தில் அது தானாகவே ஒலித்தது என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிடும்.

நான் விடுதலை கேட்டுப் போயிருந்தேன். விடுதலையே கிடைக்காத ஒருவரிடம் போய் விடுதலை கேட்கிறோமே என்ற எண்ணமும் கூடவே ஏறி வந்தது. எருசலேம் சிறையில் இரண்டு வீரர்களுக்கு நடுவே தூங்கிய பேதுருவின் கைகளிலிருந்து சங்கிலிகள் கழன்று விழுந்தன. பிலிப்பியில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடினார்கள். நிலம் அதிர்ந்து சிறைக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. தேவசகாயத்துக்கு மட்டும் ஏன் ஒரு தூதரும் வரவில்லை? சிறு வயது முதல் எனக்கு இது இடறலாகவே இருந்தது.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் அவர். அப்போது பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் இருந்தவர். வீட்டில் இழப்புமேல் இழப்பு வந்து மனம் உடைந்திருந்த காலத்தில், டச்சுப் படையில் இருந்த டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். டிலனாயே 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அரசரின் படையில் உயர்ந்தவர். கைதியாக வந்த ஒருவர் வாயிலிருந்துதான் அந்த நற்செய்தி வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. இலாசர் என்று பெயர். 'கடவுள் துணைசெய்தார்' என்பது அதன் பொருள். தமிழில் அதுவே தேவசகாயம் ஆயிற்று.

நான்கு ஆண்டுகளில் சங்கிலி வந்தது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடிபட்ட புண்ணில் மிளகாய்த்தூள் தடவினார்கள். தாகத்தில் அவர் முழங்கையால் இடித்த இடத்தில் தண்ணீர் சுரந்தது என்பார்கள். புலியூர்க்குறிச்சியில் அந்த முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் நானும் வந்திருந்தேன். அவருடைய அந்தச் சிறைவாசம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். பழைய சமயத்துக்கே திரும்பி வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சங்கிலி கழன்றிருக்கும். அவர் சொல்லவில்லை.

பாறையருகே முழந்தாளிட்டேன். என் கட்டு என்னவென்று ஆண்டவருக்குத் தெரியும். அப்பா இறந்தபின் பாகப்பிரிவினையில் தம்பியோடு வந்த மனத்தாங்கல். பதினொரு வருடம் பேச்சில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனேன், நற்கருணை வாங்கினேன், அந்தக் கசப்போடே வீடு திரும்பினேன். அதை எடுத்துவிடும் ஆண்டவரே, எடுத்துவிடும் என்று செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். தேவசகாயத்தின் திருமுழுக்குப் பெயரான இலாசர் நினைவுக்கு வந்ததும் விரல் நின்றது.

பெத்தானியாவின் இலாசர்! நாலு நாள் கல்லறையில் கிடந்தவரை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கையும் காலும் துணியால் கட்டப்பட்டபடியே அவர் வெளியே வந்தார். சாவையே அவிழ்த்தவருக்குத் துணிக்கட்டு ஒரு பொருட்டா? ஆனாலும் அதை அவர் தம் கையால் அவிழ்க்கவில்லை. சுற்றி நின்றவர்களிடம், நீங்கள் அவிழ்த்துவிடுங்கள் என்றார்.

சுற்றி நின்றவர்களில் ஒருவனாக நான் நிற்பதைக் கண்டேன். என் கையில் ஒரு கயிறு. தம்பியைப் பதினொரு வருடம் கட்டிவைத்திருந்த கயிறு. அதன் மறுமுனை என் இடுப்பிலேயே சுற்றிக் கிடந்தது. எடுத்துவிடும் என்று நான் யாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேனோ அவர் என் முன்னால் நின்று, நீ விடு என்கிறார்.

விட்டேன். வேறு எப்படிச் சொல்வது? அடிவயிற்றிலிருந்து அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அப்பா, அப்பா என்று மட்டுமே வாய் சொன்னது. கெத்சமனியில் இயேசு தந்தையைக் கூப்பிட்ட அந்த அரமேயச் சொல், நம் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடும் அதே சொல்லாக நம் காதில் விழுகிறதே, இது எவ்வளவு பெரிய பேறு! அடிமைக்கு அந்தச் சொல் வாயில் வராது, பிள்ளைக்குத்தான் வரும் என்பதைத்தானே உரோமையருக்கும் கலாத்தியருக்கும் பவுலடியார் எழுதினார். அடிமை வீட்டில் நிலைத்திருப்பதில்லை, மகனே நிலைத்திருக்கிறார் என்று யோவான் நற்செய்தியில் ஆண்டவர் பேசுவதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. விடு, விடுதலை, வீடு. முக்தியை வீடு என்று சொன்ன மொழியில் பிறந்திருந்தும், இத்தனை நாள் வாசலிலேயே நின்றிருக்கிறேன். அந்த மலையில் காற்று என்னைத் தள்ளவில்லை, தூக்கிப் பிடித்தது. ஆண்டவரே, உமக்கே புகழ், உமக்கே புகழ்!

சங்கிலி ஏன் கழலவில்லை என்ற என் பழைய கேள்வி அதன்பிறகு எழவே இல்லை. காவல் நின்றவர்கள் அரசருக்குப் பயந்து நின்றார்கள். கட்டுண்டவருக்குப் பயப்பட ஒருவருமில்லை. இரும்பு அவர் மணிக்கட்டோடு நின்றுபோயிற்று. பேதுருவுக்குக் கழன்றது சங்கிலி. இவருக்கு அச்சமே கழன்றுவிட்டது. இரண்டில் பெரிய அற்புதம் இதுதான் என்பேன்.

இறங்கி, நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என் முகத்தையே பார்த்தான். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "உள்ளே வாங்கண்ணே" என்றான். அவ்வளவுதான். அவன் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எல்லைக் கல்லைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

தேவசகாயத்தின் எலும்புகள் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அவருடைய திருநாள் சனவரி 14. வருகிற திருநாளுக்குத் தம்பியும் நானும் சேர்ந்து மலையேறுகிறோம். நீங்களும் வாருங்கள்.