யாருடைய வலி?

கால் ஒடிந்த குதிரையைச் சுட்டுவிடுவார்கள் என்பது நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே தெரியும். இங்கிலீஷ் சினிமாவில் பார்த்திருக்கிறோம். குதிரைமேல் உயிரையே வைத்திருந்த கதாநாயகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை எடுப்பான். கொட்டகையில் நாலு பேர் மூக்கை உறிஞ்சுவார்கள். அந்தக் காட்சியில் ஒரு சௌகரியம் உண்டு. கால் ஒடிந்தது, வேறு வழியில்லை, முடித்துவிட்டான். முடிவை அவனா எடுத்தான்? எலும்பு ஒடிந்தபோதே அது எடுக்கப்பட்டாகிவிட்டது.

நான் இங்கே சொல்ல வந்தது நொண்டுகிற குதிரையைப் பற்றி. இன்றைக்கு நொண்டுகிறது, போன மாதமும் நொண்டியது, அடுத்த வருஷமும் நொண்டும். ஆனால் புல் தின்கிறது, கொள்ளு வாளியைக் கண்டால் கனைக்கிறது, எஜமானின் காலடிச் சத்தம் கேட்டால் காதை நிமிர்த்துகிறது. இதை என்ன செய்வது? இதற்குச் சினிமாவிலே காட்சி கிடையாது. ஏனென்றால் இதில் ‘அந்த நாள்’ என்று ஒரு நாள் தானாக வருவதில்லை. யாராவது ஒருவர் பஞ்சாங்கத்தில் விரல் வைத்து, இந்த நாள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே மஞ்சள் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தையில், கத்தியவார் ஜாதிப் பெண் குதிரை ஒன்று வாங்கினார். அந்த ஜாதிக்குக் காதுதான் அழகு. இரண்டும் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி முட்டிக்கொண்டு நிற்கும். அவருடைய பெண் அதன் முதுகில்தான் வளர்ந்தாள் என்று சொன்னால் மிகையாகாது. இப்போது அதற்குப் பதினெட்டைத் தாண்டிவிட்டது. முன்னங்கால் இரண்டிலும் நொண்டல்.

குளம்புக்குள், குதிகால் பக்கமாக, ஓடம் போன்ற வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன்மேல் ஒரு தசைநாண் ஓடுகிறது. அந்த இடம் தேய்ந்துபோனால் சரி செய்ய முடியாது, தணிக்கத்தான் முடியும். குதிகாலை உயர்த்தி லாடம் அடிக்கலாம், மணலும் மெத்தென்ற மண்ணுமாகப் பார்த்து நிறுத்தலாம், வலிக்கு மருந்து கொடுக்கலாம். அந்த மருந்தைப் பல மாதம் கொடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். வந்து பார்த்த கால்நடை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னாராம்.

நண்பர் என்னிடம் கேட்டார்: “நீங்க கதை எழுதறவரு. மனுசன் மனசு உங்களுக்குத் தெரியும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க தம்பி.”

குதிரை மனசைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதுவும் நியாயம்தான். இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பது மனுசன் மனசுதான்.

மனிதனுக்குக் காலில் நோவு என்றால் கட்டிலில் படுத்துக்கொள்கிறான். குதிரைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நானூறு ஐந்நூறு கிலோ உடம்பு; அதில் பத்தில் ஆறு பங்கு பாரம் முன்னங்கால்களின்மேல். ஒரு காலைக் காப்பாற்ற மற்றக் கால்கள் சுமக்கின்றன. சுமந்த குற்றத்துக்கு அவையும் கெடுகின்றன. 2006-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ரண சிகிச்சை. உலோகத் தகடும் இருபதுக்கு மேற்பட்ட திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு கூடியும் வந்தது. ஆனால் ஜூலையில், நன்றாக இருந்த இடது பின்னங்காலின் குளம்பு உள்ளே அழன்று எலும்பிலிருந்து பிரியத் தொடங்கியது. பிறகு முன்னங்கால்களுக்கும் அதே கதி வந்தது. 2007 ஜனவரி 29-ல் அதை மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள்.

எட்டு மாதம்! பணம் இருந்தது, உலகத்தின் தலைசிறந்த மருத்துவர்களில் சிலர் இருந்தார்கள், ஜனங்களின் பிரார்த்தனை இருந்தது. அந்த எட்டு மாதம் அன்பா, கொடுமையா என்று அப்போதே சண்டை போட்டார்கள். எனக்கு அது கொடுமையாகத் தோன்றவில்லை. குதிரை நன்றாகத் தின்று, சுறுசுறுப்பாக இருந்த மாதங்களும் அதில் உண்டு. வலியைத் தணிக்க முடியாது என்று தெரிந்த அன்று சொந்தக்காரர்கள் இழுத்தடிக்கவில்லை. ஆனால் நம் மஞ்சள் மண்டிக்காரருக்கு அந்தக் கதையில் கிடைக்கும் உதவி கொஞ்சம்தான். அவர் குதிரை நொறுங்கவும் இல்லை, தேறவும் இல்லை.

மருத்துவர் இன்னொரு வழியும் சொல்லியிருந்தார். குதிகாலுக்குப் போகும் நரம்பை வெட்டிவிடலாம். வெட்டினால் வலி தெரியாது, குதிரை நேராக நடக்கும். கேட்டவுடன் எனக்குப் பெரிய வரப்பிரசாதமாகப் பட்டது. யோசிக்க யோசிக்க மனம் குழம்பியது. நோய் அப்படியே இருக்கும். அதைச் சொல்லுகிற தபால்காரனை மட்டும் வீட்டுக்குள் விடுவதில்லை, அவ்வளவுதான். குளம்பில் ஆணி ஏறினாலும் தெரியாது; சீழ் பிடித்தாலும் தெரியாது; வலியில்லை என்று ஓடுகிற ஓட்டத்தில் தேய்ந்த தசைநாண் அறுந்தும் போகலாம். வெட்டிய நரம்பு சில வருஷங்களில் மறுபடி வளர்ந்துவிடுவதும் உண்டு.

இதில் ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. குதிரைக்கு வலி தெரியாமல் போவதில் யாருக்கு நிம்மதி? நிச்சயமாகக் குதிரைக்கு உண்டு. ஆனால் சவாரி செய்கிறவனுக்கு அதைவிட நிம்மதி. மேய்ச்சலில் சும்மா நிற்கப் போகிற கிழக் குதிரைக்கு, தினம் குளம்பைத் தூக்கிப் பார்க்க ஆள் இருந்தால், நரம்பை வெட்டுவது கருணை என்றே சொல்வேன். அடுத்த ஆடிக்கு மறுபடி சேணம் போடலாம் என்று வெட்டினால் அதற்கு வேறு பெயர். கத்தி ஒன்றுதான், வெட்டுகிற இடமும் ஒன்றுதான்.

இந்த மாதிரி விஷயத்தில் நம் தேசத்தில் யாரும் காந்தியைத் தாண்டிப் போக முடியாது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி முடமாகித் தாங்க முடியாத வேதனையில் கிடந்தது. மருத்துவர் கைவிரித்துவிட்டார். காந்தி ஆசிரமத்தாரோடு கலந்து பேசினார். உயிரைக் கொடுக்கத் தெரியாத மனிதனுக்கு அதை எடுக்க என்ன உரிமை என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர் டாக்டரை வரவழைத்து, தாமும் பக்கத்தில் இருந்து, ஊசி போட்டு முடிக்கச் செய்தார். அதோடு நிற்காமல் பத்திரிகையிலும் எழுதினார். வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. உயிரை எடுப்பதில் எடுப்பவனின் சுயநலம் ஒரு துளியாவது இருக்கிறதா என்பதையே அவர் கேள்வியாக வைத்தார். செய்யக்கூடிய பணிவிடை இனி எதுவும் பாக்கியில்லை என்ற நிலையும் அவருக்கு முக்கியமாக இருந்தது.

நான் காந்தியோடு வாதாடுகிறவன் அல்ல. ஆனால் அந்தக் கன்று சாகும் தறுவாயில் இருந்தது. நொண்டிக் குதிரை விஷயத்தில் பணிவிடை தீர்ந்துபோவதே இல்லை. இன்னொரு லாடம் இருக்கிறது, இன்னொரு மருந்து இருக்கிறது, இன்னும் கொஞ்சம் மணல் கொட்டலாம். சுயநலமோ இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. சீக்கிரம் முடித்துவிட்டால் செலவும் சிரமமும் மிச்சம். முடிக்காமல் இழுத்தால், முடிவெடுக்கிற வேதனை மிச்சம். இரண்டாவது சுயநலம் விபூதி பூசிக்கொண்டு அகிம்சை என்று பேர் சொல்லிக்கொண்டு வரும். அதை அடையாளம் காண்பதுதான் கஷ்டம்.

செலவைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று நினைக்கிற நல்லவர்கள் உண்டு. எனக்கு அந்த நல்லவர்களிடம் பொறுமை குறைவு. வீட்டில் பெண்ணுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டியவன் குதிரையின் மருந்துச் செலவைக் கணக்குப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கணக்கை மறைத்துவிட்டு, “அதனுடைய நன்மைக்காகத்தான்” என்று ஊரிலே சொல்லும்போதுதான் மனிதன் சிறுத்துப்போகிறான்.

நண்பருக்கு மூன்றாவது யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். “சந்தைக்கு ஓட்டிவிடுங்க.” அன்று காலையில் ஒரு ஊசி போட்டால் போதும், குதிரை ராஜநடை நடக்கும். வாங்குகிறவன் நாலு நாள் கழித்துத் தெரிந்துகொள்வான். அப்புறம் அவன் இன்னொருவன் தலையில் கட்டுவான். இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் அது ஏதோ ஒரு வண்டியின் நுகத்தடியில் போய் நிற்கும். முடிவை எடுக்க வேண்டாம், கண்ணால் பார்க்கவும் வேண்டாம். ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை ஒட்டிப் பிறந்தது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம். முடியாத பிராணியை வேலையில் பூட்டுவதும் அதன்படி குற்றம். பசியால் வாடும் என்று தெரிந்து அவிழ்த்துவிட்டுப் போவதும் குற்றம். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலை வந்தால் முடித்துவிட அதில் வழியும் இருக்கிறது. ஆனால் நோயை மறைத்து நல்ல விலைக்கு விற்கிறவனின் மனத்துக்குள் எந்தச் சட்டம் நுழையும்? நண்பர் அந்த யோசனை சொன்னவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் அவருக்குச் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, குதிரைக்கு நாளை என்ற நினைப்பு நம் மாதிரி கிடையாது. சாயங்காலம் கொள்ளு வரும் என்று தெரியும். அடுத்த ஆடி வரும் என்று தெரியாது. ஆகையால் முடிவு ஒரு மாதம் முந்தினால் அது இழப்பது நாம் பயப்படுகிற அளவு பெரிதல்ல. ஒரு மாதம் பிந்தினால் அந்த மாதம் முழுவதையும் அது அனுபவித்தே தீர வேண்டும். “இன்னும் கொஞ்ச நாள்தான்” என்று அதற்கு ஆறுதல் சொல்ல முடியாது. இரண்டாவது, என்ன அடையாளம் கண்டால் முடிப்பது என்பதை மனம் தெளிவாக இருக்கிற ஒரு காலை நேரத்தில் இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்; அழுகிற ராத்திரியில் கூடாது.

அடையாளம் எது என்பதில்தான் திண்டாட்டம். குதிரை வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. காட்டிலே நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் புலி அதைத்தான் முதலில் துரத்தும். அந்தப் பழக்கம் லாயத்துக்கு வந்தும் போகவில்லை. 2014-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் குதிரையின் முகத்தை மட்டும் பார்த்து வலியை அளக்க ஒரு முறை வகுத்தார்கள்: காது பின்னுக்குச் சாய்வது, கண்ணுக்கு மேலே இறுகுவது, தாடைத் தசை விறைப்பது, இப்படி. நண்பரின் பெண் அதைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, கத்தியவார்க் காதுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கவலைப்பட்டாள்.

அவர்களிடம் முப்பது வருஷமாகக் குதிரை பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் முகத்தையெல்லாம் பார்க்கவில்லை. “ராத்திரி படுத்து எந்திரிக்குதுங்களா, அதைப் பாருங்க. நின்னுக்கிட்டே இருக்கற குதிரை தூங்காத குதிரைங்க,” என்றார். சாஸ்திரமும் அதையேதான் சொல்கிறது. குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். நாளுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். படுத்தால் எழுந்திருக்கும்போது வலிக்குமே என்று பயந்து படுக்காமலே நிற்கிற குதிரை, பகலில் முழங்கால் மடங்கிச் சரியும்.

நரம்பை வெட்டவில்லை. லாயத்தில் மணல் கொட்டி, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி இருக்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் படுக்காவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுவது என்று நண்பரும், பெண்ணும், பெரியவரும் மூன்று பேருமாகப் பேசி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தானும் கூட நிற்பதாகப் பெண் சொல்லிவிட்டாளாம்; அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்டிக்குப் போகுமுன் விடிகாலையில் லாயத்துக்குப் போய், குதிரையின் விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் காப்பி குடிக்கிறார்.